மேட்டூர்ல எத்தனை அடி?

ஆடி பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியத்தை கேட்கும் முதல் கேள்வி, "யார் யார் வர்றீங்க?" என்பதல்ல. "மேட்டூர்ல எத்தனை அடி?" என்பதுதான். அதற்குப் பதில் வந்த பிறகே புளி எவ்வளவு, வேன் ஒன்றா இரண்டா, இலைக்கட்டு யார் வாங்குவது என்ற பேச்செல்லாம்.

திருவையாற்றுப் பக்கம் காவிரிக்கரையில் பதினெட்டாம் பெருக்கன்று நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. பொங்கலுக்கு மட்டம் போடுகிறவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள். புதுப்புனலைப் பார்க்கக் கூட்டமாய்க் கிளம்புவது தமிழர்களுக்குப் பழைய வழக்கம்தான். பரிபாடலின் வையைப் பாடல்களில் மதுரையே யானை, குதிரை ஏறி, வாசனைப் பொருட்களோடும் நகைகளோடும் ஆற்றுக்குப் போகிறது. ஆனால் விடியற்காலையில் எழுந்து இத்தனை பேருக்கும் சோறு பொங்கியது யார் என்ற விவரத்தில் புலவர்களுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வகையில் கல்கி பரவாயில்லை. 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்குதான். வீரநாராயண ஏரிக்கரையில் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமுமாக ஜனங்கள் சாப்பிடுவதை வந்தியத்தேவன் பார்க்கிறான். எங்கள் வீட்டில் அதை வாசித்த அத்தைகளுக்கு, அவன் குதிரையைவிட அந்தச் சாப்பாடுதான் நினைவிருக்கிறது.

சித்திரான்னத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மாட்டுவண்டியில் கொண்டுபோய், வெயிலில் வைத்திருந்து, மத்தியானம் திறக்கும்போது ஊசிப்போகாமல் இருக்கவேண்டும் என்பதே அதன் இலக்கணம். அதனால்தான் புளி, உப்பு, நல்லெண்ணெய். புளிக்காய்ச்சல் இரண்டு நாள் முன்னாடியே தயார். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, நன்றாக ஆறவிட்டுத்தான் கிளறுவார்கள். தயிர்சாதத்துக்குப் பால்தான் நிறைய, தயிர் ஒரே ஒரு கரண்டி. போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே தோய்ந்துவிடும். இதில் தாளிக்கிற காய்ந்த மிளகாயும் வேர்க்கடலையும் போர்ச்சுகீசியர் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் அடுப்புக்கு வந்தவை. பல பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் இன்னும் மிளகாயை உள்ளே விடாமல் மிளகையே போடுகிறார்கள். ராஜராஜன் ஆடிப்பெருக்குக்குப் புளியோதரை சாப்பிட்டிருந்தால் அதில் மிளகுக் காரம்தான் இருந்திருக்கும். 'பாரம்பரிய' புளியோதரை என்று யாராவது ரொம்பச் சத்தம் போட்டால் இதைச் சொல்லலாம்.

மற்ற சாமான்களுக்குக் கடைத்தெரு. காதோலை கருகமணி, மஞ்சள், பெண்கள் தாலிக்கயிறு மாற்றப் புதுக்கயிறு, காப்பரிசிக்கு வெல்லம். இதற்கெல்லாம் சைக்கிளில் ஓடியது பையன்கள். அப்பாயி சொல்லச் சொல்ல அப்பா சிகரெட் அட்டையில் எழுதிக்கொள்வாராம்.

அந்தச் சிட்டையில் ஒருகாலத்தில் இல்லாதது தண்ணீர். ஆற்றுக்குப் போகிறவர்கள் தண்ணீருக்கா ஏற்பாடு செய்வார்கள்? குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், அது ஆடியில் தஞ்சாவூருக்கு வந்து சேரும், அவ்வளவுதான். 1924இல் சென்னை மாகாணமும் மைசூரும் ஒப்பந்தம் போட்டன. அங்கே கிருஷ்ணராஜ சாகரம், இங்கே மேட்டூர். 1925இல் ஆரம்பித்த மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. குறுவைக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி வழக்கமானது. மழை கொண்டுவந்த பெருக்கை அதற்குப் பிறகு மதகு கொண்டுவந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மதகால்தான் டெல்டாவில் முப்போகம் பற்றிப் பேச முடிந்தது. ஆனாலும் பெருக்கு என்பது திறந்துவிடப்படுகிற ஒன்றாக ஆனது அப்போதுதான்.

அப்புறம் நடுவர் மன்றம். 1990இல் அமைந்தது; அடுத்த வருஷமே ஆண்டுக்கு 205 டிஎம்சி தரவேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு சொன்னது. அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். எங்கள் சின்னச் சித்தப்பா குடும்பம் இரண்டு பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கியது. சில மாதத்தில் திரும்பிப் போய்விட்டார்கள், வேலை அங்கேதானே. 2007இல் இறுதித் தீர்ப்பு 192 டிஎம்சி என்றது, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. ஒவ்வொரு தடவையும் ஆற்றங்கரையில் மாமாக்கள் இந்த எண்களை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். சித்தப்பா மட்டும் வாயைத் திறக்கமாட்டார். எழுந்துபோய் தயிர்சாதத் தூக்கைத் திறந்து, தோய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். ஒருமுறை நான் அவரிடம் கேட்டேன். "அங்க பக்கத்து வீட்டு அம்மாதாண்டா எங்களை ரெண்டு நாள் உள்ள வச்சிருந்தாங்க. அவங்க கன்னடம். இதுல நான் எந்தப் பக்கம் பேசறது?" என்றார்.

2017இல் மேட்டூர் திறந்ததே அக்டோபர் 2ஆம் தேதி. ஆடிப்பெருக்கன்று ஆறு முழுக்க மணல். "வேணாம், இந்த வருஷம் எல்லாரும் ரிசார்ட்டுக்குப் போயிடலாம்" என்று என் தலைமுறையில் சிலர் சொன்னோம். பெரியத்தை காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வறண்ட வருஷங்களில் ஊற்று தோண்டிக் கும்பிடுவது பழைய வழக்கம். முன்பெல்லாம் ஒரு முழம் தோண்டினாலே ஊறிவிடுமாம். அள்ளின மணல் அள்ளினதுதான். சித்தப்பாவும் பையன்களும் இடுப்பளவு தோண்டியும் ஈரம் மட்டும்தான் தட்டியது. கடைசியில் மளிகைக் கடையிலிருந்து இருபது லிட்டர் கேன் இரண்டு வந்தது. ஒரு கேனை அந்தப் பள்ளத்தில் கவிழ்த்து, மஞ்சளும் பூவும் போட்டு, காதோலை கருகமணியை அதிலேயே விட்டார் அத்தை. இன்னொரு கேனில் நாற்பது பேர் கை கழுவினோம்.

அடுத்த வருஷம் ஜூலையிலேயே மேட்டூர் நிரம்பிவிட்டது. ஆடிப்பெருக்கன்று படித்துறையின் மேல்படி வரை தண்ணீர், குழந்தைகளை இறங்கவிடவில்லை. அன்றைக்கு வேனில் சாமான் ஏற்றும்போது பார்த்தேன், புளியோதரை அண்டாவுக்குப் பின்னால் இரண்டு கேன் இருந்தது. அத்தைதான் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சிட்டையில் அது இருக்கிறது, வெல்லத்துக்கும் இலைக்கட்டுக்கும் நடுவில்: தண்ணி கேன் - 2.