கணக்கில் வராத கரை

1987இல் இலங்கையில் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, மணமான பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். ஆனால் அந்த ஆய்வு கிழக்குக் கரைக்கு வரவேயில்லை. யுத்தம். பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பெண்கள் 1993, 2000 ஆய்வுகளிலும் இடம்பெறவில்லை. 2006–07இல்தான் கிழக்கு மாகாணம் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை தாய்மார் 'இனிப் பிள்ளை போதும்' என்று ஆஸ்பத்திரிப் படியேறினார்கள் என்பதற்கு அந்த ஆய்வுகளில் விடை கிடையாது.

செய்முறை சிக்கலானதல்ல. பிள்ளை பிறந்த ஓரிரு நாளில் கருப்பை இன்னும் தொப்புள் உயரத்திலேயே நிற்கும். தொப்புளுக்குக் கீழே சிறு வெட்டு. கருக்குழாயை வளையமாகத் தூக்கிக் கட்டி, கட்டுக்கு மேலுள்ள துண்டை வெட்டி எடுப்பார்கள். மற்றப் பக்கமும் அப்படியே. அமெரிக்க மருத்துவர் பொமரோய் கையாண்ட இந்த முறையை, அவர் இறந்தபின் 1930இல் சகாக்கள் வெளியிட்டார்கள். இலங்கை வார்டுகளில் இதற்கு எல்.ஆர்.டி. என்று பெயர். மாதவிடாய் நிற்காது, பெண்மையும் குறையாது.

சிக்கல், யார் முடிவெடுப்பது என்பதில்தான். 1953இல் மேரி ரட்ணம் முதலானோர் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தொடங்கியபோது, அடுத்தடுத்த பேறுகளால் நலிந்த தாய்மாரின் உடல்நலமே அவர்களுடைய கவலை. 1965இல் அரசு குடும்பத் திட்டத்தைத் தன் வேலையாக ஏற்றது. 1980இல் சத்திரசிகிச்சைக்கு உடன்படுவோருக்கு 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, அதே ஆண்டில் 500 ஆக்கியது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. அடுப்பெரியாத வீட்டில் அந்தக் காசை நீட்டிப் பெறும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

சந்தேகம் வேறு வழியிலும் வந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் மலடாக்கும் மாத்திரை கலந்ததாக வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் ஒரு கும்பல் தாக்கியது. கறியில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் உறுதிசெய்தார். உணவில் கலந்து மலடாக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை.

எடுத்த முடிவை மாற்ற விரும்பிய தாய்மாரும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி பாசிக்குடாக் கரையையும் தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தையும் ஒரே காலையில் அடித்தது. நாகப்பட்டினப் பகுதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் ஏற்கெனவே குழாய் கட்டியவர்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு, குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சையை இலவசமாக்கியது; தனியார் ஆஸ்பத்திரியை நாடியோருக்கு 25,000 ரூபாய் வரை கொடுத்தது. சிலர் மறுபடி தாயானார்கள். சிலருக்குக் குழாய் சேர்ந்தும் கரு தங்கவில்லை.