அத்திரம்பாக்கம்: 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் வாழ்ந்தது யார்?

கீழடிக்கு 2,600 வருஷம்னு சொன்னாலே நமக்குப் பிரமிப்பு. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் வயசு சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! 'அப்போ தமிழன் அவ்வளவு காலமா இங்கே இருக்கானா?' என்று கேட்கத் தோன்றும். இல்லை. அவற்றைச் செய்தவர்கள் நம் மனித இனமே கிடையாது. அப்போ யார் அவங்க? வாங்க பார்ப்போம்.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

1863 மே மாதம், சென்னை பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தையும் அடையாளம் கண்டார்.

பின்னாளில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் இங்கே விரிவாக அகழாய்வு செய்தனர். 3,500-க்கும் மேற்பட்ட குவார்ட்சைட் கருவிகள் பற்றிய அவர்களின் முடிவு 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது.

கல்லுக்கு வயசு எப்படிச் சொல்றாங்க?

வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பட்டு, சில அரிய ஐசோடோப்புகள் உருவாகும். கல் மண்ணுக்குள் புதைந்ததும் அவை சிதைந்து, அவற்றின் அளவு மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். மிச்சம் எவ்வளவு இருக்கு என்று அளந்தால், கல் புதைந்து எத்தனை காலம் ஆச்சுன்னு தெரிஞ்சிடும்.

செய்தது யார்?

இங்கே அந்தக் கால மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இதே வகைக் கைக்கோடரிகள் ஆப்பிரிக்காவில் 'ஹோமோ எரக்டஸ்' இனத்தோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அதனால் அத்திரம்பாக்கத்தில் வாழ்ந்ததும் அந்த இனமாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு.

நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தவை. அவற்றின் வயசே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான்.

அவங்க எப்படி இருந்தாங்க?

* நடை: நம்மைப் போலவே நீண்ட கால்கள், நிமிர்ந்த நடை.
* மூளை: சுமார் 600 முதல் 1,100 கன செ.மீ. நமக்குச் சராசரி 1,350.
* முகம்: புருவத்துக்கு மேல் தடித்த எலும்பு மேடு. நமக்கு இருப்பது போன்ற தாடை முனை கிடையாது.
* கை: கல்லின் இரு பக்கமும் தட்டிச் செதுக்கும் திறமை. என்ன வடிவம் வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தால்தான் இது முடியும்.

இதில் முதலில் வந்தது நடைதான். எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த 'லூசி' 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு காலில் நடந்தவள். ஆனால் அவள் இனத்தின் மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான்.

அப்புறம் என்ன ஆச்சு?

சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் தொழில்நுட்பமே மாறியது. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்தெடுத்த சிறிய கற்சில்லுக் கருவிகள் பெருகின. 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த இந்த முடிவு, இந்த மாற்றம் இந்தியாவில் மிகப் பிந்தியே வந்தது என்ற கருத்தை அசைத்தது.

இந்தக் கால அளவைப் புரிந்துகொள்ள விருத்தாசலத்தை நினைச்சுப் பாருங்க. பீங்கானுக்குப் பேர்போன ஊர். ஆனால் களிமண்ணைச் சுட்டுப் பாத்திரம் செய்ததற்கான மிகப் பழைய சான்றே சீனாவில் கிடைத்த சுமார் 20,000 ஆண்டுப் பானை ஓடுகள்தான். கல்லோடு மனிதனுக்கு உள்ள உறவு அதைவிடப் பல மடங்கு பழசு.

நாம என்ன செய்யணும்?

இப்படிப்பட்ட கருவிகளைப் பார்க்க ஆசையா? பூண்டியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்குப் போகலாம். ஆற்றங்கரையிலோ வயலிலோ செதுக்கின மாதிரி கல் கண்ணில் பட்டால், எடுத்துட்டு வராதீங்க. இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால், அந்தக் கல்லின் வயசைச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.