சிறுவாச்சூர் வட்டாரக் கொல்லைத் தோட்டம்

கொல்லைத் தோட்டம் என்பது வீட்டின் பின்புறத்தில், அந்த வீட்டார் சமைத்து உண்பதற்கென்று காய்கறி, கீரை, கிழங்கு, பழம் ஆகியவற்றை வளர்க்கும் சிறு நிலம். புழக்கடைத் தோட்டம், வீட்டுத் தோட்டம் என்றும் வழங்குவர். 'கொல்லை' என்ற சொல்லுக்கு வீட்டுப் பின்புறம் என்பதோடு, மழையை நம்பி விதைக்கும் புன்செய் நிலம் என்றும் பொருள் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சிறுவாச்சூரில் இரண்டாம் பொருளை மறந்துவிட்டு முதல் பொருளில் இறங்க முடியாது. வீட்டுக் கொல்லையும் அதே மானாவாரி மண், அதே மழை. பெரிய கொல்லையில் உழவர்கள் பின்பற்றும் வழக்கங்கள் பெரும்பாலும் சின்னக் கொல்லைக்கும் பொருந்தும்.

சிறுவாச்சூர், பெரம்பலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில், திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். திங்கள், வெள்ளிக் கிழமைகளில் நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலால் வெளியூரார் இதை அறிவர். மாவட்டத்தின் மேற்கே பச்சைமலை நிற்கிறது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் மூன்றும் இம்மாவட்டத்தின் முதன்மைப் பயிர்கள்.

தண்ணீர்க் கணக்கு

புதிதாகத் தொடங்குவோர் முதலில் இடத்தை அளக்கிறார்கள். தண்ணீரை அளப்பதே முதல் வேலை. நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு முழுதும் காய் கிடைக்க 5 சென்ட் நிலம் வேண்டும் என்று தோட்டக்கலைக் கையேடுகள் சொல்வது வழக்கம். 5 சென்ட் என்பது ஏறத்தாழ 200 சதுர மீட்டர். கோடையில் பயிர் நிற்கும் நிலம் ஒரு நாளைக்கு 5 மி.மீ. அளவுக்கு நீரை இழக்கிறது என்று வைத்தால்கூட, அத்தனை பரப்புக்கு நாளொன்றுக்கு 1,000 லிட்டர் தேவைப்படும். சித்திரையில் இந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகளால் அதைத் தர முடியும்?

ஆகவே முதல் ஆண்டுக்கு 100 சதுர அடி போதும். பத்தடிக்குப் பத்தடி. அதற்குக் கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லிட்டர், அதாவது மூன்று, நான்கு குடம் பிடிக்கும். மூடாக்குப் போட்டால் இன்னும் குறையும். வைகாசி வரை இந்த நான்கு குடத்தை ஊற்ற முடிந்த வீடு, அடுத்த ஆடியில் இன்னொரு பத்தடி கூட்டிக்கொள்ளலாம். பெரிதாகத் தொடங்கிப் பங்குனியில் காய்ந்துபோன தோட்டங்களை நிறையப் பார்க்கலாம். அவற்றில் பலவும் உழைப்புக் குறைவால் காய்ந்தவை அல்ல, தொடக்கத்தில் போட்ட அளவு தவறியதால் காய்ந்தவை.

மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மாவட்டத்துக்குள் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லை. ஏரி, கிணறு, ஆழ்துளைக் கிணறு இவையே. 500 சதுர அடி மொட்டை மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் வழிந்தோடுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயைத் தோட்டத்துப் பக்கமாக ஒரு குழியில் இறக்கிவிட்டால் பக்கத்து மண்ணும் கிணறும் சேர்ந்து பயன்பெறும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கீரைப் பாத்தியில் விட வேண்டாம். வாழை, சேம்பு, கல்வாழை ஆகியவற்றுக்கு விடலாம். சோப்புத்தூள் மிகுந்த துணி துவைத்த நீர் நாளடைவில் மண்ணை இறுக்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் பாத்தி ஓரங்களில் வெள்ளைப் பொருக்குப் படியும். அந்தப் பாத்தியை அடைமழை நாளில் நன்றாகக் கழுவி வடியவிட வேண்டும்.

செம்மண்ணா, கரிசலா

இவ்வட்டாரத்தில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே தெருவின் இரு முனைகளில் இரு மண் இருப்பதுண்டு. வீடு கட்டும்போது கொட்டிய கிராவல் மூன்றாவது மண்ணாகச் சேர்ந்துவிடும். ஒரு பிடி ஈர மண்ணை உருட்டிப் பார்த்தால் தெரியும். நாடாவாக நீண்டு கையில் ஒட்டினால் கரிசல். உருண்டை உடைந்து உதிர்ந்தால் செம்மண் அல்லது மணற்சாரி.

பாத்தி போடுவது இதைப் பொறுத்தது. கரிசல், கார்த்திகை மழையில் நீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவைக்கும். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். அதில் அரை அடி உயர்த்திய மேட்டுப்பாத்தி வேண்டும். செம்மண்ணில் நீர் நிற்காது. அங்கே நாற்புறமும் கரை உயர்ந்த பள்ளப்பாத்தி ஏற்றது. இணையக் காணொளிகளில் காட்டும் மேட்டுப்பாத்தியை எல்லா மண்ணிலும் போடுவது, செம்மண் கொல்லைக்குத் தண்ணீர்ச் செலவை ஏற்றுமே தவிர வேறு பயன் தராது.

கரிசலில் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, பரவலாகக் கிடக்கும். இம்மாவட்டத்தின் கிழக்குப் பகுதி தொல்காலத்தில் கடலுக்கடியில் இருந்தது. காரைப் பகுதியில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. தோட்டக்காரருக்கு இதில் முக்கியமானது சுண்ணாம்பு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். யூரியா போட்டுப் பயனில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்டு) கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும். கூடவே ஆண்டுதோறும் மக்கிய எருவைச் சேர்த்து வர வேண்டும்.

எரு என்றால் நன்கு மக்கியது. பச்சைச் சாணம் வேர்ப்புழுவையும் கறையானையும் கூட்டிவரும். 100 சதுர அடிக்கு நாலைந்து கூடைத் தொழு எரு, இரண்டு கிலோ வேப்பம்புண்ணாக்கு என்று தொடங்கலாம். மூடாக்குக்கு இங்கே பஞ்சமே இல்லை: மக்காச்சோளத் தட்டை, கடலைத்தோல், வேப்பஞ்சருகு. அறுவடைக்குப்பின் வயலோரம் கொளுத்தப்படும் தட்டையில் இரண்டு கட்டு வாங்கிவந்தால் ஒரு கோடையைக் கடத்திவிடலாம். களைக்கொல்லி அடித்த வயலா என்று கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். 2,4-டி போன்ற மருந்தின் சாரல் தக்காளி, வெண்டை இலைகளைச் சுருட்டிவிடும். பக்கத்து வயலில் காற்று நாளில் தெளித்தாலே போதும்.

பட்டம்

விதைப் பொட்டலத்தில் 'ஆண்டு முழுவதும்' என்று அச்சிட்டிருப்பதை நம்பக் கூடாது. ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் வீட்டுத் தோட்டத்தின் இரு வாசல்கள். ஆடியில், ஜூலை நடுவிலிருந்து, கத்தரி, மிளகாய் நாற்று விடலாம். வெண்டை, கொத்தவரை, பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, அவரை விதைக்கலாம். தையில் வெண்டை, கொத்தவரை, தக்காளி, கீரைகள். சேனையும் மஞ்சளும் கோடை மழைக்குப்பின் ஊன்றினால் பொங்கலுக்குக் கைக்கு வரும்.

பந்தல் அவரை தனிக்கதை. பகல் குறுகினால்தான் நாட்டு அவரை பூக்கும். தையில் ஊன்றிவிட்டுக் கொடி மட்டும் ஓடுகிறதே என்று வருந்துவோர் உண்டு. ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்கும். பந்தலுக்கு மூங்கில் வாங்க வேண்டியதில்லை. பருத்தி எடுத்தபின் பிடுங்கும் பருத்திமார் சிறு கொடிகளுக்கு நல்ல கொம்பு. ஆனால் மாவுப்பூச்சி அப்பிய மாரைக் கொல்லைக்குள் கொண்டுவரக் கூடாது.

அக்கினி நட்சத்திர நாட்களில் புதிதாக எதையும் விதைக்காமல், இருக்கும் செடிக்குத் தென்னங்கீற்று நிழல் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் ஆண்டில் எதை வைப்பது

கீரையிலிருந்து தொடங்குவதே நல்லது. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பிடுங்கத் தயாராகும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக்கொண்டே வரலாம். விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய எருப்போர்வை போட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாதிருக்க வேப்பம்புண்ணாக்குத் தூளைச் சுற்றிலும் இடுவர்.

அடுத்தது வெண்டை, கொத்தவரை. நேரடியாக ஊன்றினால் 45, 50 நாளில் காய். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று வேண்டும்: கத்தரி 30 நாள், மிளகாய் 40 நாள், தக்காளி 25 நாள் நாற்றங்காலில் இருந்தபின் மாலை வேளையில் நட வேண்டும். முருங்கை ஒன்று, பப்பாளி ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, எலுமிச்சை ஒன்று போதும். இவற்றை வடக்கு எல்லையில் வைத்தால் பாத்தியில் நிழல் அதிகம் விழாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 முருங்கை விதையிலிருந்தே ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும்.

சின்ன வெங்காயத்தை இந்த ஊரில் இருந்துகொண்டு வைக்காமல் இருப்பது குறை. சமையலுக்கு வாங்கியதில் நடுத்தரக் காய்களைத் தெரிந்தெடுத்துப் பாரின் இருபுறமும் 10 செ.மீ. இடைவெளியில், முனை மண்ணோடு மட்டமாக நிற்கும்படி ஊன்ற வேண்டும். தாள் சாய்ந்து மஞ்சளாகும்போது, 65, 70 நாளில், தண்ணீரை நிறுத்திப் பிடுங்கலாம். மழைக்காலத்தில் தாள் முறுக்கிக்கொண்டு சுருண்டால் திருகல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அடுத்த ஆண்டு வேறு பாத்திக்கு மாற வேண்டும். இந்த வட்டார உழவர்கள் வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் காக்கிறார்கள்: தரையிலிருந்து உயர்த்திய தட்டி, பக்கவாட்டில் காற்று, மேலே கூரை. வீட்டு விளைச்சலுக்கு அதே முறையில் தாளோடு முடிந்து காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் போதும்.

விதைக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். ஊரகக் குடும்பங்களுக்கு 12 வகைக் காய்கறி விதைகள் கொண்ட பொட்டலங்களை மானியத்தில் தரும் திட்டத்தை மாநில அரசு 2021-இல் தொடங்கியது. வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் மையமும் இருக்கிறது.

பூச்சியும் வேலியும்

சுற்றிலும் பருத்தி விளைவதால் வெண்டைக்குத் தொல்லை கூடுதல். இரண்டும் ஒரே குடும்பம். பருத்தியைப் பிடுங்கியவுடன் வெள்ளை ஈயும் காய்ப்புழுவும் பசுமை தேடிக் கொல்லைக்கு வரும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய் கண்ட வெண்டையைத் தயங்காமல் பிடுங்க வேண்டும். மற்றபடி 10 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டிய கரைசல் பெரும்பாலான பூச்சிக்கு முதல் மருந்து. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை 10 லிட்டருக்கு 300 மி.லி. கலந்து வளர்ச்சிக்காகத் தெளிப்பர்.

உண்ணும் செடியில் கடைப் பூச்சிமருந்தை அடிப்பதற்கு முன் ஒரு நிகழ்ச்சியை நினைக்கலாம். 2008-இல் தமிழ்நாட்டில் நுழைந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது, மருந்துகளால் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட மிகச் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தாம் அதை அடக்கின. கொல்லையிலும் இத்தகைய குளவிகள், பொறிவண்டு, சிலந்தி உண்டு. நாலு செடி கடுகும் சாமந்தியும் அவற்றைத் தங்கவைக்கும்.

ஆடு, கோழி, மயில் மூன்றுக்கும் வேலி வேண்டும். கிளுவைப் போத்தை மழைக்காலத்தில் நெருக்கி ஊன்றினால் உயிர்வேலி ஆகும். அது அடையும்வரை முட்படல் காக்கும். அரளி அழகுதான், ஆனால் நஞ்சு, குழந்தைகளும் ஆடும் புழங்கும் இடத்தில் வேண்டாம்.

பீர்க்கிலும் சுரையிலும் முதலில் திரண்ட நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல், அடையாளத்துக்குத் துணி கட்டிக் கொடியிலேயே முற்றவிட வேண்டும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை கலகலக்கும். அப்போது இறக்கி, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, துணியில் முடிந்து அடுப்படிப் பரண் ஓரம் தொங்கவிட்டால் அடுத்த ஆடிக்கு ஆகும்.