தென்கொரியாவில் இணைய விளையாட்டு அடிமைத்தனம்

இணையம் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டுகளை விட முடியாமல் படிப்பு, வேலை, குடும்ப உறவு, உடல்நலம் ஆகியவை கெட்டுப்போகும் நிலை இணைய விளையாட்டு அடிமைத்தனம் எனப்படுகிறது. தென்கொரியாவில் 1990களின் இறுதியில் இவ்விளையாட்டுகள் பரவின. அடுத்த பத்தாண்டுக்குள் அவற்றின் பாதிப்பு பொதுச் சுகாதாரச் சிக்கலாக உருவெடுத்தது. சிறுவர்கள் நள்ளிரவுக்குப் பின் ஆடுவதைத் தடுக்க 2011இல் சட்டம் கொண்டுவந்த அந்நாடு, பத்தாண்டு கழித்து அதைத் தானே நீக்கியது. இதனால் இச்சிக்கல் பற்றிய ஆய்வுகளில் தென்கொரியா தவறாமல் இடம்பெறுகிறது.

பின்னணி

1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடியில் வேலையிழந்தவர்கள் பலர், கையிலிருந்த சேமிப்பைப் போட்டு ‘பிசி பாங்’ எனப்படும் கணினி விளையாட்டுக் கூடங்களைத் தொடங்கினர். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1,000 வொன் கட்டணத்தில் இரவு பகலாக இயங்கிய இக்கூடங்களின் எண்ணிக்கை 2000களின் தொடக்கத்தில் 20,000ஐத் தாண்டியது. அதே காலத்தில் அரசும் அதிவேக இணைய இணைப்பை நாடெங்கும் விரிவாக்கியது. ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்கு நெடுங்காலம் தடை இருந்ததால், தொலைக்காட்சியுடன் இணைத்துத் தனியாக ஆடும் ஜப்பானியக் கருவிகள் அங்கு வேரூன்றவில்லை. இளைஞர்களுக்கு விளையாட்டு என்றாலே பிறரோடு இணையத்தில் ஆடுவது என்றாயிற்று.

1998இல் வெளியான இரு விளையாட்டுகள் இப்போக்கை நிலைநிறுத்தின. ஒன்று, அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் போர்த்தந்திர விளையாட்டு. மற்றொன்று, கொரிய நிறுவனமான என்சிசாஃப்டின் ‘லீனியேஜ்’. 2000இல் விளையாட்டுப் போட்டிகளை ஒளிபரப்புவதற்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டது. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் இறுதிப் போட்டியைக் காணச் சுமார் ஒரு இலட்சம் பேர் திரண்டதாக மதிப்பிடப்பட்டது.

காரணங்கள்

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுக்கு முடிவு கிடையாது. ஒருவர் கணினியை அணைத்த பிறகும் அந்த உலகம் இயங்கிக்கொண்டிருக்கும். லீனியேஜில் ஆட்டக்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்து, குறித்த நேரத்தில் கோட்டைகளை முற்றுகையிடுவர். கோட்டையைப் பிடித்த குழுவுக்கு வரி வசூலிக்கும் உரிமை கிடைக்கும். முற்றுகைக்கு வராதவர் தம் குழுவின் தோல்விக்குப் பொறுப்பாளி ஆவார். விட்டுவிட்டால் கூட்டாளிகளையும் இழக்க நேரும் என்பதால், ஆட்டம் சலித்தவர்கள்கூடத் தொடர்ந்து ஆடினர். ஸ்டார்கிராஃப்ட் போன்ற போட்டி விளையாட்டுகளில் தரவரிசை இதே வேலையைச் செய்கிறது.

அரிய ஆயுதமும் கவசமும் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி விளையாட்டுகள் வடிவமைக்கப்படுவது மற்றொரு காரணம். இத்தகைய நிச்சயமற்ற வெகுமதி மனிதரை விடாமல் முயலவைப்பதை உளவியலார் நெடுங்காலமாக அறிவர். பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய குலுக்கல் பொருள்களில் எது கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற சட்டம் தென்கொரியாவில் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

சமூகச் சூழலையும் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சி நிலையங்களில் இரவு வரை படிக்கும் மாணவருக்கு நண்பர்களைச் சந்திக்க எஞ்சியிருப்பது பின்னிரவு இணையமே. மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, தனிமை ஆகியவை உள்ளவர்களிடம் அடிமைத்தனம் கூடுதலாகக் காணப்படுகிறது. இவற்றில் எது காரணம், எது விளைவு என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

உயிரிழப்புகள்

2005 ஆகஸ்டில் தேகு நகரக் கூடம் ஒன்றில் ஏறத்தாழ 50 மணி நேரம் ஸ்டார்கிராஃப்ட் ஆடிய 28 வயது இளைஞர் மயங்கி விழுந்து இறந்தார். கடும் களைப்பால் ஏற்பட்ட இதயச் செயலிழப்பே காரணம் எனக் கருதப்பட்டது. 2010இல் வெளிவந்த மற்றொரு வழக்கு நாட்டையே உலுக்கியது. சுவோன் நகரைச் சேர்ந்த கணவனும் மனைவியும் ‘பிரியஸ் ஆன்லைன்’ என்ற விளையாட்டில் ஒரு கற்பனைச் சிறுமியை வளர்த்துக்கொண்டு இரவெல்லாம் கூடத்தில் கழிக்க, அவர்களின் மூன்று மாதக் குழந்தை வீட்டில் பட்டினியால் இறந்தது. இவ்வழக்கைப் பற்றி ‘லவ் சைல்ட்’ என்ற ஆவணப்படம் 2014இல் வெளியானது.

நள்ளிரவுத் தடைச் சட்டம்

16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுக்கும் சட்டம் 2011 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மக்கள் இதைச் ‘சிண்டரெல்லா சட்டம்’ என்றனர். சிறுவர்களின் உரிமையைப் பறிப்பதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

நடைமுறையில் ஓட்டைகள் பல இருந்தன. சிறுவர்கள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தனர். கைப்பேசி விளையாட்டுகள் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் பெரும்பாலோர் கைப்பேசிக்கே மாறிவிட்டனர். சிறுவர்களின் உறக்க நேரம் மிகச் சிறிதளவே கூடியதாக ஆய்வுகள் கண்டன. 2021இல், இச்சட்டத்துக்கு உட்படுவதைத் தவிர்க்க, சிறுவர் விளையாட்டான ‘மைன்கிராஃப்ட்’ தென்கொரியாவில் வயதுவந்தோருக்கு மட்டும் என மாறும் நிலை ஏற்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் நீக்கப்பட்டது. பெற்றோரோ பிள்ளைகளோ கேட்டுக்கொண்டால் மட்டும் ஆடும் நேரத்தை வரையறுக்கும் முறை தொடர்ந்தது.

சிகிச்சை

2007இல் மொக்சோன் என்ற இடத்தில் அரசு நிதியுடன் மீட்பு முகாம் தொடங்கப்பட்டது. கணினி இல்லாத அம்முகாமில் உடற்பயிற்சி, மட்பாண்டக் கலை, மேளம், குழு ஆலோசனை ஆகியவை இடம்பெற்றன. சோல் நகரில் ‘ஐ வில்’ என்ற பெயரில் ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. ஆட்டத்தைத் தூண்டும் எண்ணங்களையும் வழக்கங்களையும் அடையாளம் கண்டு மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சையே பரவலாகப் பயன்படுகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் புப்ரோபியான் மருந்தை 11 ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களுக்கு 6 வாரம் கொடுத்துப் பார்த்த கொரிய ஆய்வு ஒன்று, ஆட்ட வேட்கை குறைந்ததாக 2010இல் தெரிவித்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் மிகச் சிலரே என்பதால் இதைக் கொண்டு பொதுமுடிவுக்கு வர இயலாது.

நோயா, இல்லையா?

உலக சுகாதார அமைப்பு 2019 மே மாதம் ஏற்ற நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கு முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் அது கோளாறாகக் கொள்ளப்படும். எத்தனை மணி நேரம் ஆடுகிறார் என்பது இதற்கு அளவுகோல் அல்ல.

இதைக் கொரிய நோய்ப் பட்டியலில் சேர்ப்பதைச் சுகாதார அமைச்சகம் ஆதரிக்க, பண்பாட்டு அமைச்சகமும் விளையாட்டு நிறுவனங்களும் எதிர்த்தன. அந்நாட்டின் கலை, கேளிக்கைத் துறை ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் விளையாட்டுகளிலிருந்தே வருகிறது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆட்டத்தில் தங்கம் வென்ற வீரர்களுக்குக் கட்டாய இராணுவப் பணியிலிருந்து விலக்கும் கிடைத்தது.

மதிப்பீடு

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அடிமைகள் அல்லர்; பாதிக்கப்படுவோர் சிறு பகுதியினரே. அவர்களையும் கடிகாரத்தைக் கொண்டு மீட்க முடியவில்லை என்பதே தென்கொரியா கண்ட அனுபவம். ஆட்டம் அவர்களுக்குத் தரும் நட்பும் மதிப்பும் வெளியுலகில் கிடைக்க வழி செய்யாமல் விதிக்கப்படும் நேரத்தடை நீடித்த பயன் தருவதில்லை.