இலத்தீனிலிருந்து வீடு திரும்ப 330 ஆண்டுகள்

பல்கலைக்கழகக் கல்வி சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் நாம் தொழிற்சாலை, வேலைவாய்ப்பு, திறன் பயிற்சி என்ற திசையிலேயே நடக்கத் தொடங்கிவிடுகிறோம். மட்டாஞ்சேரியில் களப்பணி செய்யும் மொழியியல் ஆய்வாளன் என்ற முறையில் வேறொரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

1670 முதல் 1677 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் தளபதியாகக் கொச்சியில் இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். கப்பலில் வரும் மருந்துகளை நம்பியிராமல் இம்மண்ணின் மூலிகைகளை அறிய முனைந்தபோது, அவர் நாடியது உள்ளூர் வைத்தியர்களை. சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியின் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், கொங்கணி வைத்தியர்களான ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் மூவரும் தம் அறிவை வழங்கினர். 700க்கும் மேற்பட்ட தாவரங்களை விவரிக்கும் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் வான் ரீட் பெயர்.

அந்த அறிவு கடந்த மொழிகளைப் பாருங்கள். அச்சுதன் சொன்னது மலையாளத்தில். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்த்துகீசியத்தில் எழுதினார். பின் டச்சு, பின் இலத்தீன். (தொடக்கத் தொகுதிகளுக்கு இலத்தீன் வடிவம் தந்த பாதிரியார் கசேரியஸ் இளமையில் ஸ்பினோசாவிடம் பாடம் கேட்டவர், தத்துவத் துறை நண்பர்கள் கவனிக்க.) ஒவ்வொரு மொழிமாற்றமும் நூலைச் சொன்னவரிடமிருந்து ஒரு படி விலக்கியது. ஆயினும் முதல் தொகுதியில் வைத்தியர்களின் சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே அச்சேறின: அச்சுதனுடையது கோலெழுத்தில், கொங்கணி வைத்தியர்களுடையது நாகரியில். காலனிய வணிகக் கம்பெனி காட்டிய இந்த மரியாதையை 'தகவலாளி 7' என்று எழுதிப் பழகிய நாம் சற்றே நாணத்துடன்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

லின்னேயஸ் அந்நூலைப் பயன்படுத்தினார். உலகத் தாவரவியல் பயன்பெற்றது. மலையாளிக்கோ அது மூடிய பெட்டி. அதைத் திறந்தவர் கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால். பல பத்தாண்டுகள் மாணவர்களுடன் களத்தில் அலைந்து, நூல் கூறும் தாவரங்களை மீண்டும் தேடிச் சேகரித்தார். இலத்தீன் மூலத்தை மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பதிப்பை 2003இலும் மலையாளப் பதிப்பை 2008இலும் வெளியிட்டது. முதல் தொகுதியிலிருந்து கணக்கிட்டால் 330 ஆண்டுகள்.

மணிலால் 2025 ஜனவரி 1 அன்று மறைந்தார். அத்தகைய உழைப்பை இன்று ஓர் இளம் ஆய்வாளர் மேற்கொண்டால் தரவரிசைப் புள்ளிகளில் அதற்கு என்ன மதிப்புக் கிடைக்கும்? ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றின் எடைக்கு அது ஈடாகாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் மூலிகை அறிவைத் தந்த சமூகத்துக்குப் பயனில் பங்கு உண்டு என்கிறது. நாம் ஒலிப்பதிவு செய்துவரும் சொற்களுக்கும் பாடல்களுக்கும் அப்படியொரு ஏற்பாடு இல்லை.

என் கருத்து எளியது. ஆய்வேட்டுடன், தகவல் தந்தோர் வாசிக்கக்கூடிய மொழியிலும் எழுத்திலும் 20 பக்கச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்கலாம்; வாய்மொழித் தேர்வின் ஓர் அமர்வை அவர்கள் முன்னிலையில் நடத்தலாம். ஆய்வின் தரம் தாழும் என்பார்கள். தவறாகப் பதிந்த சொல்லை நெறியாளரை விட விரைவாகக் கண்டுபிடிப்பவர் அந்தச் சொல்லைப் பேசுபவர்தானே.

இங்குள்ள கொங்கணிப் பெரியவர்கள் என்னிடம் வினைத்திரிபு அட்டவணையைக் கேட்கவில்லை. பழைய சமையற் சொற்களும் மருந்துச் சொற்களும் அடங்கிய பட்டியலைக் கேட்டார்கள்; பேரப்பிள்ளைகள் வாசிக்கும்படி மலையாள எழுத்தில். இந்த மாதம் அதைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.