கந்தோரும் வீடும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்ற சொல் ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்தது. மதுரங்குளிக்கு வடக்கே, கற்பிட்டியில், 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுப்பிய கோட்டை இன்றும் நிற்கின்றது. சொல்லோடு சேர்ந்து வந்தது வீட்டினின்றும் வேறான, தனக்கென நேரமும் அதிகாரமும் கொண்ட ஒரு வேலைத்தலமாகும். அவ்வேலைத்தலம் இன்று வீட்டுக்குள் புகுந்துள்ளமையை வரலாற்றடிப்படையில் நோக்குதல் பயனுடைத்து.

வீடும் வேலைத்தலமும் பிரிந்திருத்தல் இயற்கை நியதியன்று. தென்னை மலிந்த புத்தளக் கரையோரத்தில் கிடுகு பின்னுதல் வீட்டு முற்றத்திலேயே நடைபெற்றது. வேலைக்கும் ஓய்வுக்குமிடையே அங்கு சுவர் இருக்கவில்லை; பெண்களின் உழைப்பு வீட்டுக் கடமையெனக் கருதப்பட்டுக் கணக்கிற் சேராது போயிற்று. மதுரங்குளியூடாக 1926இல் புத்தளத்தை எட்டிய புகையிரதப் பாதை, வெளியூர் சென்று சம்பளம் பெறும் வாழ்க்கைக்கு வழிதிறந்த ஏதுக்களுள் ஒன்று. சம்பள உழைப்பாளர் தம் நேரத்தை விற்றனர். விற்ற நேரத்துக்கு எல்லை வேண்டுமெனப் போராடியவர்களும் அவர்களே. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற வரையறையைக் கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழங்கிற்று. மாலையில் அடைபடும் கந்தோர்க் கதவு அவ்வெல்லையின் கண்கண்ட வடிவமாகும்.

2020 மார்ச் 18இல் புத்தளம், சிலாபம் முதலிய பகுதிகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இரு நாட்களில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. வீட்டிலிருந்து பணியாற்றுமாறு அரசும் அறிவித்தது. நோயச்சம் தொடக்கியதை எரிபொருள் நெருக்கடி மீண்டும் கொணர்ந்தது. 2022 யூனில் அரச ஊழியர் பலர் வீட்டிலிருந்து பணிபுரியப் பணிக்கப்பட்டதோடு, வீட்டுத்தோட்டம் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறையும் வழங்கப்பட்டது. இவ்விரண்டாவது முடிவு மிகவும் மனங்கொள்ளத்தக்கது. உணவுக்கான செலவின் ஒரு பகுதியை உழைப்பாளியின் சொந்த நிலமே ஏற்கவேண்டுமென்பது அதன் உட்பொருள். நிலமற்றவர் என்செய்வர் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

வீட்டுப்பணியால் நன்மையே இல்லையென நாம் வாதிடவில்லை. மதுரங்குளி போன்ற ஊர்களிலிருந்து தொலைதூரம் பயணிப்போருக்கு நாளின் சில மணித்தியாலங்கள் மீள்கின்றன. ஆயின் அந்நேரம் எவருக்குரியது என்பதே வினா. மேசை, மின்சாரம், தொலைபேசிக் கட்டணம் ஆகியன ஊழியரின் செலவாகின்றன; இரவு வரும் அழைப்புக்கும் மறுமொழி கூறவேண்டியுள்ளது. பெண் ஊழியருக்கோ அடுப்படியும் கந்தோரும் ஒரே கூரையின் கீழ் வந்தமை இரட்டைச் சுமையாகின்றது. ஒரே வாயிலில் சந்தித்துத் தம் குறைகளைப் பேசிய சக ஊழியர்கள் தனித்தனி அறைகளிற் சிதறுகின்றனர். கூட்டுக் கோரிக்கை பிறக்கும் களமே இதனாற் சுருங்குகின்றது.

1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்திலேயே, குடிசைகளில் நடந்த வேலையைத் தொழிற்சாலையின் வெளிப்புறப் பிரிவாகவே மார்க்ஸ் கண்டார். தமிழ்நாட்டில் பீடி சுற்றும் பெண்களின் நிலை இதற்குச் சான்று. இலையும் தூளும் பெற்று வீட்டிற் சுற்றுவோரையும் தொழிலாளரென ஏற்றது இந்தியாவின் 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். அதனை எதிர்த்து முதலாளிகள் தொடுத்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் செல்லுபடியை உறுதிசெய்தது. சர்வதேசத் தொழில் தாபனம் வீட்டுவேலை பற்றிய 177ஆம் இலக்கச் சமவாயத்தை 1996இல் நிறைவேற்றியது.

கணினியின் முன் அமரும் எழுதுவினைஞரும் பீடி சுற்றும் பெண்ணும் வருவாயால் வேறுபட்டோர் எனினும், வேலை தரும் கை வீட்டுச் சுவருக்கு அப்பால் மறைந்து நிற்பது இருவருக்கும் பொது. ஆகவே, வீட்டுப்பணிக்கு ‘இசைவாக்கம்’ பெறுதலைத் தனிமனித மனப்பக்குவமாக மட்டும் காணுதல் பொருந்தாது. கந்தோர்க் கதவில் வென்ற 8 மணித்தியாலத்தை வீட்டு வாசலிலும் நிலைநாட்டுவதே எம்முன்னுள்ள பணியாகும்.