மழைக்காலத்தில் கலையும் அணிகள்: தோட்டப் பாடசாலைகளில் கூடைப்பந்துப் பயிற்சியை எப்படித் தொடர்வது?

கூடைப்பந்து பிறந்ததே மற்றப் போட்டிகள் இல்லாத ஒரு பருவத்துக்காகத்தான். 1891 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியர் உடற்பயிற்சிக்கூட மாடியின் கைப்பிடியில் பீச் பழக்கூடைகள் இரண்டைப் பொருத்தினார். அந்தக் கைப்பிடியின் உயரம் பத்து அடி. இன்றைய வளையத்தின் உயரமும் அதுவே: 3.05 மீற்றர்.

சப்ரகமுவவில் பனிக்குப் பதிலாக மழை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். மலைச்சரிவில் அமைந்த தோட்டப் பாடசாலைகளுக்குச் சமதரையே பெரிய விடயம். வலயப் போட்டியில் தோற்றதும் அணி கலைந்துவிடுகிறது. அடுத்த போட்டி அறிவித்தல் வந்த பிறகுதான் பந்து மீண்டும் வெளியே வருகிறது. அதற்குள் ஓரிருவர் படிப்பை விட்டுவிட்டு கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே இந்த இடைக்காலம் திறமையை மட்டும் பொறுத்த விடயமல்ல. பிள்ளைகளைப் பாடசாலையில் தக்கவைப்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளுக்கும் கீழே உள்ளவை பொருந்தும்.

முதலில் ஓய்வு, பிறகு உடல்

போட்டி முடிந்ததும் இரண்டு வாரம் ஓய்வு போதும். முழுமையாக நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே ஓடும் தாக்குப்பிடிப்பு குறையத் தொடங்கும். தசைவலிமை அதைவிடச் சற்று நீண்டகாலம் நிற்கும்.

அடுத்த எட்டு வாரங்களுக்கு, வாரத்தில் இரண்டு நாட்கள் உடல்வலிமைப் பயிற்சி. இதற்கு இரும்புக் கருவிகள் தேவையில்லை. உட்கார்ந்து எழுதல், தண்டால், படியேறுதல், ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில் செய்தால் போதும்.

பெண்கள் அணிக்குக் குதித்து இறங்கும் பயிற்சி கட்டாயம். முழங்காலுக்குள் இருக்கும் இணைப்பு நார் கிழியும் ஆபத்து, இவ்வகை விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடியாமல், சத்தமின்றி, இரு கால்களிலும் இறங்கப் பழக்க வேண்டும்.

கூரையின் கீழ் செய்யக்கூடியவை

மழைநாளில் வகுப்பறை விறாந்தை, வாசிகசாலை, கூரையுள்ள பிரட்டுக்களம் எதுவும் உதவும். இடக்கையால் பந்தைத் தட்டுதல், சுவரில் அடித்துப் பிடித்தல், பாதத்தை ஊன்றித் திரும்புதல் ஆகியவற்றுக்கு வளையம் வேண்டியதில்லை.

மழை ஓய்ந்த நாளில் தண்ட எறிதல். பந்துத்தடுப்புப் பலகையிலிருந்து 4.6 மீற்றர் தூரத்தில் கோடு கீறி, ஓடிக் களைத்த பிறகு பத்துப் பத்தாக எறிய வேண்டும். ஆட்டத்திலும் அது களைத்த நிலையில்தான் கிடைக்கும். எத்தனை விழுந்தன என்று ஒவ்வொருவரும் அப்பியாசக் கொப்பியில் குறித்துவைத்தால், எட்டாவது வாரத்தில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

பசியோடு ஓடவிடக் கூடாது

2016 ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டங்களில் அது 31.7 வீதம். அந்தத் தலைமுறைதான் இன்று பாடசாலையில். காலையில் ஒரு ரொட்டியோடு வந்த பிள்ளையை மாலையில் ஓடவிடும் முன் ஒரு பிடி கடலையோ பயறோ கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது

கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாய் கேட்கும் முதல் கேள்வி, மகள் இருட்டுமுன் வருவாளா என்பதுதான். பயிற்சி நாட்களையும் முடியும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, அதை மீறாமல் நடக்க வேண்டும். ஒரே லயத்துப் பிள்ளைகள் கூட்டாகவே வீடு திரும்பட்டும்.

இரண்டாவது கேள்வி, இதனால் என்ன பயன் என்பது. இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் உடற்கல்வியில் பட்டம் வழங்குகிறது. அதற்கு உயர்தரப் பெறுபேற்றுடன் செய்முறைத் தேர்வும் உண்டு. தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஏற்பாடும் இருக்கிறது.

கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல்கள் போட்ட வீராங்கனையானார். அவருடைய உயரம் எல்லோருக்கும் வாய்க்காது. குறி தவறாமல் எறியும் கை பயிற்சியால் வருவது.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய முதல் வேலை எளிது. தோற்ற மறுநாளே அணியின் பெயர்ப்பட்டியலை எழுதி, அடுத்த பயிற்சித் திகதியை அதன்மேல் குறித்துவிட வேண்டும். பட்டியலில் உள்ள ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் யாராவது அந்த லயத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும்.